தோடு கழட்டாம மாட்டுற ஹெட்போன்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளுனு. குழாயில தண்ணி வரல. நாஷ்டா உப்புமா. எங்க பொண்ணு திவ்யா தட்ட முறைச்சிக்கினே தின்னா.

இன்னிக்கு கம்பெனில சொல்லிட்டாங்க. எங்க குவாலிட்டி செக்‌ஷன்ல இருந்து ஒரு ஆளு ஜப்பான் போவணும். மூணு மாசம் டிரெயினிங். ஜப்பான் பாஷ கிளாஸ் போறது மூணு பேரு, அதுல பொம்பள நான் ஒருத்திதான். 22ஆம் தேதி டெஸ்ட். அந்த ஊரு இஞ்சினியர் வீடியோ கால்ல அளவெல்லாம் சொல்லுவாரு, காதால கேட்டு எழுதணும். யாரு ஒழுங்கா எழுதுறாங்களோ அவங்க போவாங்க. அவ்ளோதான்.

அவ்ளோதானா? எனக்கு படிக்க நேரம் கம்பெனி பஸ்ஸு மட்டும்தான். பொன்னேரியில ஏறி கும்மிடிப்பூண்டில எறங்குற வரைக்கும், திரும்பி வர்ற வரைக்கும். இஞ்சின் உறுமல், ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆட்டம், அதுக்கு மேல டிரைவர் ஏழுமல போடுற பாட்டு. போன வாரம் ஏழுன்னு சொன்னத ஒண்ணுன்னு எழுதி வெச்சிருக்கேன். அவங்களுக்கு ஏழு ஷிச்சி, ஒண்ணு இச்சி. பஸ்ஸு அந்த "ஷ"வ முழுங்கிடுது. ஏழு மில்லிய ஒரு மில்லின்னு எழுதுறவள ஜப்பானுக்கா அனுப்புவான்? கேட்டுக்கு வெளியதான் அனுப்புவான்.

ஹெட்போன் வாங்கணும். ஒயர் இல்லாதது, வெளி சத்தத்த அடக்குறது. என் ஓ.டி. காசுல. யாரையும் கேக்க வேண்டியதில்ல.

சாப்பிடும்போது அவருகிட்ட சொன்னேன். பாஸானா ஜப்பான், மூணு மாசம்னு. ரசத்த ஊத்திக்கினே "பாக்கலாம்"னாரு.

எங்க ஊட்டுக்காரரு பாக்கலாம்னா இன்னான்னு எனக்கு தெரியாதா? பின்னாடி ஒரு ரூம் எடுக்கலாமான்னு கேட்டப்பவும் பாக்கலாம். இன்னும் ஒரு செங்கல் வந்து எறங்கல. வாணாம்னு சொன்னா சண்ட போட்டுட்டு போவேன். பாக்கலாம்னு சொல்ற மனுஷன்கிட்ட இன்னா சண்ட போடுறது?

ஒரு தடவ சொல்லிட்டேன். ரெண்டாவது தடவ கேக்க மாட்டேன்.


ஜூலை 8, செவ்வாய்

ரெண்டு நாளா முதுகு வலி. தைலம் தீந்துபோச்சு, வாங்கணும்.

திவ்யா காலேஜ் ரெண்டாவது வருஷம், ஆனா ஹெட்போன் விஷயத்துல பி.எச்.டி. போன்ல வீடியோவா காட்டிக்கினே இருக்கா. கேட்டு கேட்டு எனக்கு தலையே சுத்திடுச்சு. எனக்கு புரிஞ்ச வரைக்கும் எழுதி வெக்கறேன்.

காதுக்குள்ள சொருவுறது: வாணாம். கம்பெனில தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல இருந்த வருஷமெல்லாம் காது அடைப்பான் வெச்சு வெச்சு சீழ் வந்துச்சே. டாக்டர் உள்ள ஒரு துரும்பு கூட வைக்காதன்னு சொல்லிட்டாரு.

காத முழுசா மூடுறது: சத்தம் நல்லா அடங்குமாம். வேர்த்து ஊத்தும். நம்ம ஊரு ஜூலைல காத மூட்ட கட்டி வெக்க முடியுமா.

காது மேல ஒக்கார்றது, ஆன்-இயராம்: சின்னது, லேசு, மடிச்சி ஹேண்ட்பேக்ல போட்டுக்கலாம். இதுதான் எனக்கு.

"யம்மா, ஆன்-இயர்ல அவ்ளோ அடங்காதும்மா. எல்லா ரிவ்யூலயும் சொல்றாங்க."

"ரிவ்யூ சொல்றவன் கொண்ட போட்டு பூ வெச்சிருக்கானா?"

ஆன்-இயர்னு முடிவாச்சு. இனிமே ஹெ.போ.ன்னே எழுதுவேன், நீட்டி எழுத கை வலிக்குது.

ஆன்லைன்ல போட்டுடலாம்னா. மாட்டேன்னுட்டேன். கையில எடுத்து பாக்காம ஒரு பொருள ஓகே பண்றவளா நான்? என் டேபிளுக்கு வர்ற பீஸு ஒவ்வொண்ணும் கேஜ் போட்டு பாத்துதான் அந்தப் பக்கம் போவும்.


ஜூலை 10, வியாழன்

சாயங்காலம் நல்ல மழ. பஞ்செட்டிகிட்ட பஸ்ஸு நின்னுக்கினே கெடந்துச்சு.

ஏழுமலகிட்ட பாட்ட கொஞ்சம் கொறைக்க சொன்னேன். "மேடம், பாட்டு இல்லன்னா எனக்கு தூக்கம் வரும், பரவால்லயா?" பரவால்ல நீ பாட்ட போடுன்னுட்டு வந்து ஒக்காந்துட்டேன்.

பாடத்துல பாதி கேக்கல. ஞாயித்துக்கிழம கடைக்கு போயே ஆவணும்.

அவரு அந்தப் பேச்சே எடுக்கல. அவரோட பைக் ரிப்பேர் ஷெட்ல வேல ஜாஸ்தியாம். மழ பேஞ்சா எல்லா பைக்கும் எங்கூட்டு வாசல்லதான் வந்து படுத்துக்கும்.


ஜூலை 13, ஞாயிறு

வாங்கியாச்சு. வாங்கியாச்சு. ரெண்டு தடவ எழுதிக்கறேன், என் இஷ்டம்.

அவருதான் பைக்ல என்னயும் திவ்யாவயும் கூட்டிக்கினு போனாரு. பொன்னேரி பஜார், செல்போன் கட பாய். அவரு உள்ள வரல. வண்டி மேலயே ஒக்காந்துக்கினு "நீ பாரு"ன்னாரு. நான் பாத்துக்குவேன், எனக்கு இன்னா.

மொத பீஸு. மாட்டின ஒடனே தோட்டுத் திருகாணி காதுக்குப் பின்னால எலும்புல குத்துது. பாய் சொல்றாரு, "தோட கழட்டிட்டு மாட்டி பாருங்கம்மா." எனக்கு வந்துச்சே கோவம். இந்தத் தோடு எங்கம்மா எனக்கு போட்டது. பிரசவத்துக்கே கழட்டல, நர்ஸம்மா கத்தினாங்க, அப்பவும் கழட்டல. ஹெட்போனுக்காக கழட்டுவனா. "தோட்டோட மாட்டுறா மாதிரி எது இருக்கோ அத எடுங்க பாய்"னேன்.

ரெண்டாவது மெத்துனு இருந்துச்சு. ஆனா பிடிப்பு இல்ல. குனிஞ்சி பாத்தேன், கழண்டு கவுண்டர்ல விழுந்துச்சு. நான் நாளெல்லாம் குனிஞ்சிதான் பீஸு பாக்கறேன். ரிஜெக்ட்.

மூணாவது கருப்பு. மெத்த கொஞ்சம் தடிமன், அதனால திருகாணி அமுங்கல. மடிச்சேன், விரிச்சேன், காதுகிட்ட வெச்சி ஆட்டி பாத்தேன், உள்ள எதுவும் லொடலொடன்னு இல்ல. பாய் "ஏசி ரூம்ல வந்து கேளுங்க, சூப்பரா இருக்கும்"னாரு. ஏசி ரூம்ல எல்லாமே சூப்பராதான் இருக்கும். நான் வெளிய எடுத்துக்கினு போவணும்னேன். அவரு முழிச்சாரு. திவ்யா வெக்கத்துல அந்தப் பக்கம் திரும்பிக்கினா.

எதுத்தாப்ல கரும்பு ஜூஸ் மிஷின் ஓடுது. பக்கத்துலயே போய் நின்னு பட்டன அமுக்கினேன். மிஷின் ஓடுது, சக்கரம் சுத்துது, சத்தத்த காணோம். பாடத்த போட்டேன். இச்சி. ஷிச்சி. இச்சி. ஷிச்சி. அந்த "ஷ" கண்ணாடி மாதிரி கேட்டுச்சு. நடு பஜார்ல நின்னு நானே சிரிச்சிக்கினேன்.

புது பாக்ஸ் பிரிச்சி குடுத்தாரு. எடது பக்க மெத்தயில தையல் கோணல். வேற குடுங்கன்னேன். "யாரும்மா இதெல்லாம் பாக்கறாங்க?" "நான் பாப்பேன் பாய், எனக்கு சம்பளமே அதுக்குத்தான்." வேற குடுத்தாரு. மரியாதயோட குடுத்தாரு.

வெல எழுத மாட்டேன். அவரு கேட்டாரு, சொன்னேன், வண்டிய ஸ்டார்ட் பண்ணாரு.

சாயங்காலம் கோயிலுக்கு போய்ட்டு வந்தேன். ஹெ.போ.வுக்கு மஞ்ச குங்குமம் வெக்கலாம்னு பாத்தேன், திவ்யா புடுங்கிக்கினா.


ஜூலை 14, திங்கள்

பேட்டரி ஃபுல். பஸ்ஸுல ஜன்னல் சீட்டு. மாட்டினேன். இஞ்சின் காணோம். ஏழுமல பாட்டும் பாதி அடங்கிடுச்சு. நிம்மதினா நிம்மதி, காலைல தச்சூர் தாண்டுறதுக்குள்ள ஒரு பாடம் முழுசா முடிச்சேன்.

ஆனா ஒண்ணு கண்டுபிடிச்சேன். எந்த வீடியோலயும் இத ஒழுங்கா சொல்லல. இது அடக்குறது உறுமுற சத்தத்தத்தான். மனுஷங்க பேச்ச அடக்கல. உறுமல் போன பெறகு பேச்சு முன்னவிட நல்லா கேக்குது. பாடத்த நிறுத்திட்டா பின்சீட்டுல குசுகுசுன்னு பேசறது கூட விழுது.

பின்சீட்டுல கல்பனா, செல்வி. அசெம்பிளி லைன் பொண்ணுங்க. ஹெ.போ. மாட்டினா செவுடுன்னு நெனப்பு அவங்களுக்கு. நான் பாடத்த நிறுத்தி நோட்டு எடுத்துக்கினு இருந்தேன், தல மேலயே பேசறாங்க.

செல்வி: "பாருடி, மகாராணி மாதிரி மாட்டிக்கினு."

கல்பனா: "ஜப்பான் போறாளாம்ல."

"ஊட்டுக்காரரு உடுவாரா?"

"எங்கூட்டுக்காரரு வண்டி ரிப்பேருக்கு போனப்ப அவருகிட்ட கேட்டாராம். பாக்கலாம்னாராம்."

"அப்ப உடமாட்டாரு."

எனக்கு காதெல்லாம் சூடு. திரும்பி ரெண்டு வாங்கு வாங்கலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. திரும்பினா கேக்குதுன்னு தெரிஞ்சிடும். ஜன்னல பாத்துக்கினே ஒக்காந்திருந்தேன், நாத்து நட்டிருக்காங்க, பச்சையா இருந்துச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சி கல்பனாவே சொல்றா, "ஆனா போனான்னா நம்ம கம்பெனில இருந்து போற மொத பொம்பள அவதான்டி. போவட்டும். அப்பறம் நம்மளையும் கேப்பாங்க இல்ல?"

எறங்கும்போது கல்பனாவுக்கு என் கைல இருந்த கொய்யாப்பழத்த குடுத்தேன். எதுக்குக்கான்னு முழிக்கிறா. சும்மா தின்னுன்னேன்.


ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. தெரு முனை அம்மன் கோயில்ல காலைலயே ஸ்பீக்கர் கட்டிட்டாங்க. இனி ஆடி முடியற வரைக்கும் பேஜாருதான். ஸ்பீக்கர்ல பாடுறது மனுஷக்குரல் ஆச்சே, ஹெ.போ. கொஞ்சம்தான் அடக்குது. அம்மா, 22ஆம் தேதி வரைக்கும் கொஞ்சம் மெதுவா பாட சொல்லும்மான்னு அவகிட்டயே வேண்டிக்கினேன்.

பாடம் நல்லா போவுது. பிராக்டிஸ்ல நேத்து ஒரு தப்பு, இன்னிக்கு தப்பே இல்ல. பாஷ கிளாஸ் டீச்சரம்மா போன்ல "விஜயா, உங்க காது நல்ல காது"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைய வெச்சிக்கினு நாளெல்லாம் ஓட்டினேன்.

வெளியாளுகிட்டயும் அவரு பாக்கலாம்னுதான் சொல்லி வெச்சிருக்காரு. அது உறுத்திக்கினே இருக்கு. கல்பனா ஊட்டுக்காரருகிட்டயாவது "ஆமா, என் பொண்டாட்டி போறா"ன்னு சொல்லியிருக்கலாம். வாயில முத்தா உதிரும்.


ஜூலை 22, செவ்வாய்

டெஸ்ட்.

ராகவன், சுரேஷ், நான். கான்ஃபரன்ஸ் ரூம். அவங்க ரெண்டு பேரும் கம்பெனி குடுத்த ஒயர் ஹெட்போன். நான் என்னுது. மல்லிப்பூ மேல அதோட பட்ட அமுங்கி ஒரு பக்கம் நசுங்கிடுச்சு, போனா போவுது. ராகவன் "பூவோட ஹெட்போனா மேடம், கலக்குங்க"ன்னாரு. கலக்கத்தான் வந்திருக்கேன்னேன்.

ஸ்கிரீன்ல அந்த ஜப்பான் இஞ்சினியரு, மோரி சான். மெலிஞ்ச ஆளு, நல்ல சிரிப்பு. ஏசி உறுமல் எனக்கு கேக்கல, பக்கத்து பிரஸ் ஷாப் இடி கேக்கல, அவரு மட்டும்தான். விட்டம், ஆழம், ஓட்டைக்கு ஓட்டை தூரம். ஒரு எடத்துல வேகமா சொல்லிட்டாரு. கைய தூக்கி "மோ இச்சிதோ"ன்னேன், இன்னொரு தடவ சொல்லுங்கன்னு அர்த்தம். சொன்னாரு. ஷிச்சி. ஏழு. எழுதினேன்.

மத்த ரெண்டு பேரும் கேக்கல. கேக்கறதுல எனக்கு வெக்கம் இல்ல, அளவ தப்பா எழுதறதுலதான் வெக்கம்.

பஸ்ஸுல வரும்போது நெனச்சேன். முன்ன பின்ன தெரியாத ஜப்பான்காரர்கிட்ட இன்னொரு தடவ சொல்லுங்கன்னு கேக்க முடியுது. கட்டினவர்கிட்ட முடியல. இன்னா திமிரு எனக்கு. இருக்கட்டும்.


ஜூலை 23, புதன்

நான்தான்.

மேனேஜரு எல்லாரையும் கூப்ட்டு சொன்னாரு. விஜயான்னு பேர சொன்னாரு. பாத்ரூம் போயி மொகம் கழுவிட்டு வந்து பீஸு பாக்க ஒக்காந்துட்டேன். ஒரு டிரே முழுசா முடிச்சேன். ராகவன் கை குடுத்தாரு, நல்ல மனுஷன்.

எச்.ஆர். மேடம் சொன்னது: வெள்ளிக்கிழமைக்குள்ள ஊட்டுல பேசி முடிவு சொல்லுங்க. இல்லன்னா அடுத்த ஆளு.

திவ்யா என்ன தூக்கி சுத்தினா, இடுப்பு புடிச்சிக்குமேன்னு கத்தினேன். அவருகிட்ட "பாஸாயிட்டேன்"னேன். கைல கிரீஸு. "ம். நல்லது"ன்னாரு. சோப்ப எடுத்துக்கினு கொழாயடிக்கு போய்ட்டாரு.

நல்லதாம். நான் இன்னா முறுக்கா சுட்டு குடுத்தேன், நல்லதுன்றதுக்கு?

வெள்ளிக்கிழமைக்கு எச்.ஆர்.கிட்ட இன்னா சொல்றது. கேக்க மாட்டேன்னு சொன்னா கேக்க மாட்டேன். அழுகயா வருது. சந்தோஷமாவும் இருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி வருதோ.


ஜூலை 24, வியாழன்

நடந்தது நடந்தபடி எழுதுறேன், மறக்கக்கூடாது.

சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. ஹால்ல சேர் போட்டு ஹெ.போ. மாட்டிக்கினு ஒக்காந்திருந்தேன். பாடம் ஓடல. சும்மா மாட்டியிருந்தேன், யாரும் பேச்சு குடுக்கக்கூடாதுன்னு. அவரு ஷெட்ல இருந்து உள்ள வந்தாரு. என்ன பாத்தாரு. ஃபேன போட்டாரு. எனக்கு முதுக காட்டிக்கினு ஜன்னல்கிட்ட நின்னு பள்ளிப்பட்டுல இருக்கிற அவங்க அண்ணனுக்கு போன் போட்டாரு.

"ண்ணா, நான்தான். விஜி பாஸாயிட்டா... ஆமா, ஜப்பான். மூணு மாசம்... தனியாதான். கம்பெனி பாத்துக்கும்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கினு இருந்தாரு.

"சோறுக்கு இன்னா ண்ணா, நான் இருக்கேன், திவ்யா இருக்கா. சோறு ஒரு விஷயமா."

போன அடுத்த காதுக்கு மாத்தினாரு.

"யாரு இன்னா சொல்லுவாங்க? சொன்னா என்கிட்ட வந்து சொல்ல சொல்லு... எனக்கா? எனக்கு பயமாத்தான் இருக்கு. அவ இல்லாம இந்த ஊட்டுல ஒருநாள் இருந்ததில்ல. அவ அந்த ஊர பாத்துட்டு வந்தான்னா இந்த ஊடு அவளுக்கு சின்னதா தெரியுமோன்னு இருக்கு. அதான் ஒடனே வாய் வரல எனக்கு."

நான் ஆடல. நோட்டுல பேனாவ வெச்சிக்கினு அப்படியே.

"ஆனா போவணும் ண்ணா. நான் தடுத்தேன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. நம்ம வம்சத்துலயே பிளேன் ஏறப்போற மொத ஆளு என் பொண்டாட்டி. நடு பஜார்ல கரும்பு மிஷின்கிட்ட நின்னு ஹெட்போன் செக் பண்றா ண்ணா, நான் வண்டி மேல ஒக்காந்து பாத்துக்கினு இருந்தேன். இவளுக்கா நாம வழி சொல்றதுன்னு நெனச்சேன்... சரி, வெக்கிறேன்."

போன பாக்கெட்ல போட்டாரு. வந்து என் தோள தட்னாரு. நான் ஒரு பக்கம் மட்டும் நகத்தி "இன்னா?"ன்னேன், ஒண்ணும் தெரியாத மாதிரி.

"காப்பி போடட்டா?"

"போடுங்க"ன்னேன்.

அவரு அடுப்பங்கரைக்கு போன பெறகு முந்தானையால மொகத்த தொடச்சிக்கினேன். காப்பில சக்கர ஜாஸ்தி. குடிச்சேன்.


ஜூலை 25, வெள்ளி

காலைல மொத வேலையா எச்.ஆர். மேடம்கிட்ட போறேன்னு சொல்லிட்டேன். "ஊட்டுல கேட்டுட்டீங்களா?" "கேட்டுட்டேன் மேடம்." காதால கேட்டது கேட்டதுதான.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பள்ளிப்பட்டு மூத்தாருக்கு போன் போட்டேன். பெரியவரு, நாமளும் ஒரு வார்த்த சொல்றதுதான் மரியாத.

"மாமா, நான் பொன்னேரி விஜயா. அவரு சொல்லியிருப்பாரு. உங்க ஆசீர்வாதம் வேணும்."

"எதுக்கும்மா? இன்னா விஷயம்?"

"ஜப்பான் போறேனே மாமா. நேத்து சாயங்காலம் அவரு போன்ல சொன்னாரே."

"நேத்தா? இல்லியேம்மா. ஆடி பொறந்ததுல இருந்து அவன் எனக்கு போனே போடல. ஜப்பானா போற? நீயா?"

இன்னா பேசினேன்னே ஞாபகம் இல்ல. ஏதோ சொல்லிட்டு வெச்சிட்டேன். அவரு சந்தோஷமாத்தான் பேசினாரு.

ஊட்டுக்கு வந்து திவ்யாவ ஓரமா கூப்ட்டு கேட்டேன். ஹெ.போ. மாட்டியிருந்தா பேச்சு கேக்கும்னு நைனாவுக்கு தெரியுமா?

"தெரியுமே. வாங்கின அன்னிக்கே மாட்டி பாத்தாரும்மா, நீ கோயிலுக்கு போயிருந்தப்ப. ஃபேன் சத்தம் போயிடுச்சு, நீ பேசறது மட்டும் நல்லா கேக்குதுன்னு என்கிட்ட சொன்னாரே. ஏன்?"

ஒண்ணுமில்லன்னேன்.

மொகம் கழுவி, பூ வெச்சிக்கினு, ஹெ.போ. எடுத்து மாட்டினேன். பாட்டு இல்ல, பாடம் இல்ல. ஷெட் வாசல்ல ஸ்டூல இழுத்து போட்டு தெருவ பாத்து ஒக்காந்தேன். அவரு ஒரு பைக்க பிரிச்சி போட்டுக்கினு இருந்தாரு. நிமிந்து என்ன பாத்தாரு, காத பாத்தாரு. ஸ்பேனர கீழ வெச்சாரு. துணில கைய தொடச்சிக்கினு போன எடுத்து, நம்பர் எதையும் அமுக்காமலே காதுல வெச்சாரு.

"ண்ணா"ன்னாரு.